காய்ந்த பாசிக்கு ஒரு காகித மைக்ராஸ்கோப்

மடித்துச் செருகும் காகித மைக்ராஸ்கோப்பில் 140 மடங்கு என்று போட்டிருப்பது பொய்யில்லை. தலைவலியே அதுதான். மணி போன்ற குட்டி உருண்டை லென்ஸ் ஸ்லைடை ஒட்டியே உட்காருவதால், சொட்டு கொஞ்சம் தடித்தாலும் ஃபோகஸ் நிற்காது. தேடுவதற்கு ஆகாது, கண்டுபிடித்ததைப் பார்க்கத்தான்.

வேற்றுக் கோளில் உயிர் இருக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைத் தாராளமாக வாங்கித் தரலாம், பாசியில் வாழும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்க்கரடி (டார்டிகிரேடு) என்ற குட்டிப் பிராணியைக் காட்ட.

சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையிலோ கிணற்றுச் சுவரிலோ மொறுமொறுவென்று காய்ந்த பாசியை ஐந்து ரூபாய் நாணய அளவு பெயர்த்தெடுங்கள். தட்டில் கவிழ்த்து, மூழ்கத் தண்ணீர் விடுங்கள். போர்வெல் உப்புத்தண்ணி வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் என்றாலும் குழாயில் குளோரினோடுதான் வரும். ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ராத்திரி ஊறட்டும். காலையில் பிழிந்து, அடி வண்டலில் ஒரு சொட்டு எடுங்கள்.

சாட்டை மாதிரி துள்ளுவது நெமடோடு புழு. தலையில் சக்கரம் சுழல்வதுபோலத் தெரிவது ரோட்டிஃபர் என்ற இன்னொரு நுண்பிராணி. எட்டுக் குட்டைக் கால், நுனியில் நகம், தடுமாறும் நடை என்றால் அதுதான் நீர்க்கரடி. மேலே கண்ணாடியை அழுத்தினால் நசுங்கிவிடும். இரு ஓரத்திலும் தலைமுடி ஒன்று வைத்து மூடுங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளைச் சுவர் போதும். சூரியனை நோக்கிப் பிடித்தால் கண் போய்விடும்.

மறுபடி காயவைக்க, ஈரப்பஞ்சு வைத்த டப்பாவுக்குள் மெல்லக் காயவிடுங்கள். சட்டென்று காய்ந்தால் செத்துப்போகும். மெல்லக் காய்ந்தது காலை இழுத்துக்கொண்டு பீப்பாய் போலச் சுருங்கும். உண்பதில்லை, வளர்வதில்லை. தண்ணீர் பட்டால்தான் மறுபடி நடை.

2007-இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் பத்து நாள் வெற்றிடத்தைத் தாங்கியவையும் இப்படிக் காய்ந்த கரடிகளே. ‘விண்வெளியில் வாழும் பிராணி’ என்று வீடியோக்காரர்கள் சொல்வது தப்பு. அங்கே அவை கெடாமல் கிடந்தன, அவ்வளவுதான். நடமாடத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குப் பதில் வேறு திரவம் போதாதா என்று பிள்ளைகள் கேட்கலாம். சனியின் நிலா டைட்டனில் ஏரிகளே உண்டு, ஆனால் அது மைனஸ் 179 டிகிரிக் குளிரில் நிற்கும் திரவ மீத்தேன், ஈத்தேன். உப்பும் சர்க்கரையும் அதில் கரையாது. அங்கே உயிர் இருந்தால் நம் வேதியியலில் இருக்காது.

வாங்குபவர்கள் 10 மடங்கு கைலென்ஸ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். கறுப்புத் தாள்மேல் தட்டை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நகரும் வெள்ளைப் புள்ளி தெரியும். அதை டிராப்பரில் உறிஞ்சி ஸ்லைடுக்கு மாற்றுங்கள்.