பினாங்கு பால்கனிக்கு எது: டென்ட்ரோபியமா, ஃபெலனாப்சிஸா?

நர்சரிக்குப் போனால் பலரும் இந்த இரண்டு ஆர்க்கிட்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: டென்ட்ரோபியம் மலிவு. ஃபெலனாப்சிஸ் கூடுதல், சீனப் புத்தாண்டு சமயத்தில் கேட்கவே வேண்டாம்.

வெளிச்சம்: டென்ட்ரோபியத்துக்குக் காலை வெயில் நன்றாக விழ வேண்டும். ஃபெலனாப்சிஸுக்கு நிழல், உச்சி வெயில் பட்டால் இலை கருகும்.

பூவின் ஆயுள்: ஃபெலனாப்சிஸ் 2, 3 மாதம்கூட நிற்கும். இதில் அதை அடிக்க முடியாது.

மறுபடி பூப்பது: விஷயமே இங்கேதான். பெரிய பூ ஃபெலனாப்சிஸ் புதுத் தண்டு விட, சில வாரங்களாவது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். கேமரன் மலையில் அது தானாகக் கிடைக்கும். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் இரவும் புழுங்குகிறது. கடையில் பார்த்த பூ உதிர்ந்ததும் பெரும்பாலும் வெறும் இலைதான். (பினாங்கு மலை உச்சியில் வீடு இருந்தால் கதை வேறு!) டென்ட்ரோபியம் கலப்பினங்களுக்கோ இந்த வெக்கைதான் பிடிக்கும், ஆண்டில் பல முறை பூக்கும்.

தண்ணீர்: ஃபெலனாப்சிஸின் குருத்தில் மழைநீர் தேங்கினால் அழுகிவிடும். டென்ட்ரோபியத்தைக் கரித்துண்டு போட்ட சட்டியில் வைத்தால் அவ்வளவு கவலை இல்லை.

சரி, எதை வாங்குவது? வெயில் விழும் பால்கனி, சாமி படத்துக்கும் அவ்வப்போது பூ வேண்டும் என்றால் டென்ட்ரோபியம். தீபாவளிக்கு வரவேற்பறை மேசையை அலங்கரிக்க மட்டும் என்றால் ஃபெலனாப்சிஸ்.