சாவ்ரி படிவம்: கருவி நல்லது, கையாளும் விதம்தான் கோணல்

சிறார் சீர்திருத்த இல்லத்தில் இருக்கும் பையனை வெளியே அனுப்பலாமா, இன்னும் சில மாதம் வைத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும் மறுஆய்வுக் குழுவில் நான் வெளி உறுப்பினர். கோப்பில் நடத்தைப் பதிவேடு, பள்ளி அறிக்கை, வீட்டு நிலவர அறிக்கை எல்லாம் இருக்கும். கூடவே ‘சாவ்ரி’ என்ற இடர் மதிப்பீட்டுப் படிவமும் வரும். மற்றதைப் புரட்டும் முன்பே எல்லோர் கண்ணும் அந்தப் படிவத்தின் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்றில் எது என்று பார்த்ததும் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. அதனால்தான் படிவத்தையே விமர்சிக்கத் தோன்றியது.

12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் வன்முறையில் இறங்கும் வாய்ப்பை எடைபோட உருவாக்கப்பட்ட கருவி இது. மொத்தம் 24 இடர்க் காரணிகள். அவற்றில் 10 கடந்த காலத்தைப் பற்றியவை, 6 சூழலைப் பற்றியவை, 8 பையனின் இயல்பைப் பற்றியவை. துணை நிற்கும் உறவு, படிப்பில் பிடிப்பு என்பது போன்ற 6 பாதுகாப்புக் காரணிகள் தனியாக உண்டு. எனக்குப் பிடித்தது, இதில் மதிப்பெண்ணைக் கூட்டிக் கோடு கிழிக்கும் வேலை இல்லை என்பது. மதிப்பிடுபவர் கோப்பைப் படித்து, பையனிடம் பேசி, தன் கணிப்பைத் தானே சொல்ல வேண்டும். இதன் போட்டியாளரான ஒய்.எல்.எஸ்./சி.எம்.ஐ. என்ற இன்னொரு மதிப்பீட்டுப் படிவம் 42 கூற்றுகளைக் கூட்டி வகை பிரிப்பது. அவசரக்காரர்களுக்கு அது வசதி. எனக்கு சாவ்ரிதான் சரி.

கோளாறு கடந்த காலத்தைப் பற்றிய அந்தப் பத்துக் காரணிகளில் தொடங்குகிறது. சிறுவயதில் அடி உதைக்கு ஆளானது, வீட்டில் வன்முறையைப் பார்த்து வளர்ந்தது, பெற்றோர் குற்றச் செயலில் ஈடுபட்டது எல்லாம் இடர்க் காரணிகளே. எதிர்காலத்தைக் கணிக்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் விடுவிப்பு நாளில், ஒரு பையன் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பத்தில் ஒன்றைக்கூட அழிக்க முடியாது. மாறக்கூடியவை மீதி 14 மட்டுமே. குழு பார்க்க வேண்டியதும் அவற்றைத்தான். நடப்பதோ வேறு. ஒரு கோப்பில், பையன் உள்ளே வந்தபோது நிரப்பிய படிவத்தையே தேதி மாற்றி வைத்திருந்தார்கள். பள்ளி அறிக்கையில் அவன் தேர்வு எழுதித் தேறியது பதிவாகியிருக்கிறது. படிவத்திலோ ‘படிப்பில் அக்கறை இல்லை’ என்பதற்கு நேரே ‘அதிகம்’. இரண்டு தாளும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருந்தன!

‘பரிவும் வருத்தமும் குறைவு’ என்ற கூற்று இன்னொரு தலைவலி. செய்ததைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறான் என்பதற்காக ஒருவனுக்கு அதில் ‘அதிகம்’ போட்டிருந்தார்கள். எங்கள் முன் வந்து உட்கார்ந்தவன் எதைக் கேட்டாலும் அதே சிரிப்புதான் சிரித்தான். அம்மா எப்போது பார்க்க வந்தார் என்று கேட்டபோதும் சிரித்தான், கை மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. பயிற்சி இல்லாதவர் கையில் கொடுத்தால் எந்தப் படிவமும் இப்படித்தான் எழுதும்.

அதைவிட எரிச்சலூட்டுவது, வீட்டில் ஏற்க ஆளில்லை என்பதை ‘ஆதரவு இல்லை’ என்று பையன் கணக்கில் எழுதுவது. மாற்றுத் தங்குமிடம் தேடித் தராதது நிர்வாகம். பழியும் கூடுதல் மாதங்களும் மட்டும் அவனுக்கு.

படிவம் இடரின் அளவைச் சொல்கிறது, எத்தனை மாதம் உள்ளே வைத்தால் அது குறையும் என்று சொல்வதில்லை. இதை எங்கள் குழுவில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா, ஃபீனிக்ஸ் பகுதிகளில் கடுங்குற்றம் செய்த 1,354 இளையோரை 7 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு மேல் கூடுதலாக அடைத்து வைத்ததால் மறுகுற்றம் குறைந்ததாக அதில் தெரியவில்லை. ஐ.நா.வின் 1985 பெய்ஜிங் விதிகளும் நிபந்தனையுடன் கூடிய விடுவிப்பை இயன்றவரை விரைவில் வழங்கத்தான் சொல்கின்றன.

டெக்சாஸில் 2007-இல் கொண்டுவந்த சட்டம் இந்த இடத்தில் உருப்படியானது. குறைந்தபட்சக் காலத்தை முடித்த இளையோரை மேலும் வைத்திருக்க வேண்டுமென்றால், விடுவிப்பு மறுஆய்வுக் குழு பெரும்பான்மை வாக்கோடும் தெளிவான, நம்பத்தகுந்த சான்றோடும் அதைத் தீர்மானிக்க வேண்டும். அதாவது காரணம் காட்ட வேண்டியது வைத்திருக்க நினைப்பவர். எங்கள் மேசையில் ‘அதிகம்’ என்ற ஒரு சொல்லே அந்தச் சான்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன், பையன் உள்ளே நுழைந்த வாரத்திலேயே நிரப்பி, எந்தக் காரணியை யார் எப்படிச் சரிசெய்வது என்று திட்டம் போடப் பயன்படுத்துகிறவர்களுக்கு. விடுவிப்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை எடுத்து நிரப்புகிறவர்களுக்கு ஒன்றரை. வாங்கப்போகும் இல்லங்கள் மதிப்பீட்டாளர் பயிற்சிக்கும் சேர்த்தே நிதி ஒதுக்கட்டும். மாறக்கூடிய 14 காரணிகளையும் 6 பாதுகாப்புக் காரணிகளையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக மதிப்பிட்டு, முந்தையதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். எது மாறியது என்று குழு ஒரே பார்வையில் பார்க்கலாம். பையனுக்கும் அதில் ஒரு நகல் கொடுக்கலாம்.