நஞ்சுண்ட அன்னத்துக்காக நிதி திரட்டிய சேவை: எங்கள் அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

நகரத்து ஏரியில் பல ஆண்டுகளாக நாங்கள் பார்த்துவந்த அன்னம் ஒன்று, கழுத்தை நிமிர்த்த முடியாமல் முதுகின்மேல் சாய்த்துக்கொண்டு, சிறகுகள் தொங்கக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. அதன் சிகிச்சைச் செலவுக்காகத்தான் இணையவழி நிதி திரட்டும் சேவை ஒன்றை நாங்கள் முதன்முதலாக நாடினோம்.

அந்தச் சேவையை மதிப்பிடுவதற்கு நோயின் இயல்பைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். அன்னம் தன் இரையை அரைப்பதற்காக நீரடியிலிருந்து பொடிக்கற்களை விழுங்கும். தூண்டில்காரர்கள் எடைக்காகக் கட்டித் தவறவிட்ட ஈயக்குண்டுகளும் கல்லோடு கல்லாக உள்ளே போய், அரைவைப்பையில் தேய்ந்து இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அதன் பிறகு இரைப்பாதையின் தசைகள் தளர்ந்துபோவதால், உள்ளே இரை நிறைந்திருந்தும் பறவை பட்டினியால் மெலிகிறது. எங்கள் அன்னத்தின் எக்ஸ்ரேயில் மூன்று குண்டுகள் வெண்புள்ளிகளாகத் தெரிந்தன. இரத்தப் பரிசோதனையும் ஈய நஞ்சை உறுதிசெய்தது.

ஈயத்தைப் பற்றிப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கால்சியம் ஈடிடிஏ ஊசியைச் சில நாள் போட்டு, சிறுநீரகம் தாங்குவதற்காக இடைவெளி விட்டு, மீண்டும் தொடங்க வேண்டும். குண்டுகளை அகற்ற, மயக்க மருந்து கொடுத்து அரைவைப்பையைக் கழுவ வேண்டும். எலும்பில் தங்கிய ஈயம் மறுபடி இரத்தத்துக்கு வருவதால் பரிசோதனையும் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. ஆகவே மொத்தச் செலவு எவ்வளவு என்பதை முதல் நாளில் எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. ஆனால் இந்தச் சேவையோ தொடக்கத்திலேயே ஒற்றை இலக்குத் தொகையைக் கேட்கிறது. நாங்கள் குறைத்துச் சொல்லிவிட்டு, இரண்டாம் சுற்று ஊசிக்காக இலக்கை உயர்த்த நேர்ந்தபோது, கொடுத்தவர்கள் சிலர் ஐயத்தோடு விளக்கம் கேட்டார்கள்; அந்த ஐயம் நியாயமானது. சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே இலக்கு வைக்க வழி இருந்திருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது.

இன்னொரு குறை, நேரம் பற்றியது. எங்கள் அடையாளத்தையும் மருத்துவமனையின் கடிதத்தையும் சரிபார்க்க அவர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். பணம் வருமுன்பே மருத்துவர் ஊசியைத் தொடங்கிவிட்டதால்தான் பறவை பிழைத்தது. நன்கொடை அளிக்கும் இடத்தில், சேவைக்கான அன்பளிப்பு என்று ஒரு கூடுதல் தொகை முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்ததும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதைக் கவனித்து நீக்கும் பொறுப்பைக் கொடுப்பவர் தலையில் சுமத்துவது முறையன்று.

இத்தனைக்கும் பிறகும் நான் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். திரட்டிய பணத்தை எங்களிடம் தராமல் நேராக மருத்துவமனைக் கணக்கில் செலுத்தினார்கள். ஒவ்வொரு ரசீதையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க முடிந்ததால், முன்பின் அறியாதவர்கள்கூட நம்பிக் கொடுத்தார்கள். பறவை இறந்துபோனால் மீதித் தொகை எதற்குச் செல்லும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொன்னார்கள். அது உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வேளையில் அந்தக் கேள்விக்கு விடை எழுத எங்களுக்கு எளிதில் கை வரவில்லை. ஆனால் அதைக் கேட்பதுதான் நேர்மை என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

ஏரியில் கிடக்கும் தூண்டில் நரம்புகளையும் குண்டுகளையும் அகற்றும் பணிக்கும் இதே நிதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டோம். வேறு நோக்கத்துக்குத் தனியே திரட்டுமாறு கூறி மறுத்துவிட்டார்கள். பிரிட்டனில் 1987-இல் சிறிய ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்த பிறகு அங்கே அன்னங்களின் எண்ணிக்கை உயர்ந்ததை அறிந்திருந்த எங்களுக்கு, முதலில் அந்த மறுப்பு வருத்தத்தைத் தந்தது. எனினும், ஒரு பறவையின் பெயரால் வாங்கிய பணம் அந்தப் பறவைக்கே போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நின்றது சரியே.

ஏழு வாரங்களுக்குப் பின் அன்னம் நிமிர்ந்த கழுத்தோடு ஏரிக்குத் திரும்பியது. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தபடியே, எஞ்சிய சிறு தொகை அதே மருத்துவமனைக்கு வந்த மற்றொரு நீர்ப்பறவையின் இரத்தப் பரிசோதனைக்குச் செலவானது. அதற்கான ரசீதும் எங்கள் நிதி திரட்டும் இணையப் பக்கத்தில் கடைசியாக இடம்பெற்றிருக்கிறது.