ஜப்பான் கல்யாணத்துக்கு மொய் கவர்: எந்தக் கடையில் எதை வாங்குவது

ஜப்பானில் ஊர் சுற்றப் போகிற சமயத்தில் அங்குள்ள நண்பரின் கல்யாண வரவேற்புக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்றால், சூட்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது மொய் கவர். அதை 'கோஷூகி புகுரோ' என்பார்கள். நூறு யென் கடையில் ஆரம்பித்து டோக்கியோவின் கின்ஸாவில் இருக்கும் இதோயா என்ற பெரிய ஸ்டேஷனரி கடை வரைக்கும் எல்லா விலையிலும் கிடைக்கிறது. விலை கூடினால் மரியாதை கூடும் என்று நினைத்து வாங்குவதுதான் முதல் தப்பு. வைக்கிற தொகைக்குப் பொருந்துகிற கவரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நண்பர் கல்யாணத்துக்கு என் தேர்வு: லாஃப்ட், ஹேண்ட்ஸ் மாதிரி கடைகளின் ஸ்டேஷனரி பிரிவில் 500 யென் சுமாருக்குக் கிடைக்கும் வெள்ளைக் கவர். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

முதலில் தொகை. நண்பர், கூட வேலை செய்கிறவர் என்றால் தனியாளாகப் போகிறவர் வைப்பது வழக்கமாக 30,000 யென். நம் கணக்கில் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் ரூபாய் வரும். அதிகம்தான். ஆனால் வரவேற்பில் தலைக்கு ஆகிற சாப்பாட்டுச் செலவையும், விருந்தாளிக்குத் திருப்பிக் கொடுக்கிற பரிசையும் இந்த மொய்யை மனதில் வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். தம்பதியாகப் போனால் 50,000. நான்கும் ஒன்பதும் சாவையும் துன்பத்தையும் நினைவுபடுத்துகிற எண்கள் என்பதால் 40,000, 90,000 கூடவே கூடாது. 20,000 இரண்டாகப் பிரிந்துவிடும் என்று தயங்குவார்கள். கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் 10,000 நோட்டு ஒன்று, 5,000 நோட்டு இரண்டு என மூன்று தாளாக வைப்பது இப்போது பழகிப்போய்விட்டது. நம் ஊர் மாதிரி ராசிக்கு ஒரு நாணயத்தைச் சேர்க்க வேண்டாம். அந்தக் கவரில் தாள் பணம் மட்டும்தான்.

கவர் என்றால் ஒற்றைக் காகிதப் பை இல்லை. வெளியே 'வாஷி' என்ற தடித்த ஜப்பானியக் காகிதத்தில் மடித்த உறை. அதைச் சுற்றிக் கட்டிய 'மிஸுஹிக்கி', அதாவது காகிதத்தை முறுக்கிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கயிறு. வலது மேல் மூலையில் 'நோஷி' என்ற குட்டி மடிப்பு. ஒரு காலத்தில் அங்கே அபலோன் என்ற கடல் நத்தையின் சதையை உலர்த்தி நீட்டி வைத்தார்கள், இப்போது அதற்குப் பதில் ஒரு மஞ்சள் காகிதக் கீற்று. உள்ளே பணம் வைக்கிற 'நகபுகுரோ'. இவற்றோடு தலைப்பும் பெயரும் எழுதுகிற 'தன்ஸாகு' சீட்டுகள் இரண்டோ மூன்றோ இருக்கும். பிரித்த உடனே இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். தன்ஸாகு சின்னச் சீட்டு, பிளாஸ்டிக் உறையோடு குப்பைக்குப் போய்விடும்.

கடை அலமாரியில் ஆள் ஏமாறுகிற இடம் கயிற்றின் முடிச்சு. சிவப்பு வெள்ளைக் கயிறு என்றாலே கல்யாணக் கவர் என்று எடுத்துவிடாதீர்கள். ரிப்பன் மாதிரி இரண்டு வளையம் விட்டுக் கட்டியது குழந்தை பிறந்ததற்கு, பள்ளியில் சேர்ந்ததற்கு. இழுத்தால் அவிழும், மறுபடி கட்டலாம், அதாவது மறுபடி மறுபடி வரலாம் என்கிற சந்தோஷங்களுக்கு. கல்யாணத்துக்கு அவிழ்க்க முடியாத முடிச்சுதான்: வளையம் இருக்காது, கயிற்றின் நுனிகள் மேல்நோக்கி விறைத்து நிற்கும். நடுவில் பின்னல் கோலம் போல இருக்கும் 'அவாஜி முஸுபி'யும் சரி. நிறம் சிவப்பும் வெள்ளையுமோ தங்கமும் வெள்ளியுமோ, இழைகள் பொதுவாகப் பத்து. கறுப்பு வெள்ளைக் கயிறு துக்கத்துக்கு. மஞ்சள் வெள்ளையும் ஒஸாகா பக்கத்தில் துக்கத்துக்குத்தான். சின்னக் கடைகளில் இவை எல்லாம் ஒரே கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்.

இனி கடைக்குக் கடை. டைஸோ, செரியா, கேன் டூ ஆகிய நூறு யென் கடைகளில் வரியோடு 110 யென். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியுறைத் தாள் மெல்லியது, ஒருமுறை தப்பாக மடித்தால் விழுந்த கோடு போகாது. உள்ளுறையும் மெல்லியது, தூரிகைப் பேனா மை மறுபக்கம் தெரியும். கயிறு கட்டாமல் படமாக அச்சடித்த கவரும் அங்கே உண்டு. அது பத்தாயிரத்துக்கும் குறைவான தொகைக்கானது, 30,000 யெனை அதில் வைத்தால் கவர் குறைந்துபோகும். கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் விலை கொஞ்சம் கூடுதல், வகை மிகக் குறைவு. இருந்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கவரும் பேனாவும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால் அவசரத்துக்கு அதை விட்டால் கதியில்லை.

லாஃப்டிலும் ஹேண்ட்ஸிலும் நிஜக் கயிறு, தடித்த தாள், தனித்தனி தன்ஸாகு எல்லாம் கிடைக்கும். வெளிர் நிறத்தில் பூப்போட்டவையும் உண்டு. நண்பருக்குப் பரவாயில்லை, மேலதிகாரி வீட்டுக் கல்யாணம் என்றால் வெள்ளையே எடுங்கள். இதோயாவிலும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களிலும் ஆயிரம் யெனுக்கு மேல் போகும்போது கொக்கும் ஆமையுமாகக் கயிற்றிலேயே சிற்பம் போல முடைந்திருப்பார்கள். கைவேலை அபாரம், நின்று பார்க்கத் தகுந்தது. ஆனால் அது லட்சம் யென் வைக்கிற உறவுக்காரர்களுக்கானது. பொதுவாகப் பொட்டலத்தின் பின்பக்கம் எவ்வளவு தொகைக்கு ஏற்றது என்று அச்சடித்திருக்கும். அதில் 30,000 அடங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். டிபார்ட்மென்ட் ஸ்டோரின் உண்மையான லாபம் வேறு: சிலவற்றில் கவர் வாங்குகிறவருக்குப் பெயரை அழகாக எழுதியும் தருவார்கள்.

நீங்களே எழுதுவதாக இருந்தால் பேனாவில் கவனம் வேண்டும். இரண்டு முனை உள்ள தூரிகைப் பேனாவில் ஒரு முனை கறுப்பு, இன்னொன்று சாம்பல். சாம்பல் மை துக்க வீட்டுக்கு. முதலில் வேறு தாளில் இழுத்துப் பாருங்கள். பால் பாயிண்ட் வேண்டாம். தன்ஸாகுவில் மேலே வாழ்த்துச் சொல் ஏற்கெனவே அச்சாகியிருக்கும், கீழே உங்கள் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்குப் பயன்படும் கதகானா எழுத்தில் மேலிருந்து கீழாக எழுத வேண்டும். நம் பெயர்களில் இங்கேதான் ஒரு சிக்கல். குமார் என்பது கு, ம, நெடில் கோடு, ரு என்று நான்கு குறிகளாகும். அந்த நெடில் கோடு படுக்கையாக எழுதும்போது படுக்கைக்கோடு. மேலிருந்து கீழாக எழுதும்போது அதுவும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கைபேசியில் பார்த்ததை அப்படியே வரைந்தால் படுத்தே கிடக்கும், ஒன்று என்கிற எண்ணாகப் படிக்கப்படும்.

உள்ளுறையின் முன்பக்கம் தொகை, பின்பக்கம் பெயரும் முகவரியும். தொகையைச் சாதாரண எண்ணெழுத்தில் எழுதாமல், கோடு சேர்த்துத் திருத்த முடியாத பழைய சிக்கலான எழுத்துகளில் எழுதுவது முறை. பல பொட்டலங்களில் மாதிரி அச்சிட்டிருக்கும், பார்த்து வரையலாம். தொகைக்கும் முகவரிக்கும் படுக்கைக் கட்டங்கள் அச்சடித்த உள்ளுறை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் நாம் எழுதுகிற எண்களே போதும், வெளிநாட்டவருக்கு அது பெரிய உதவி. முகவரியை விட்டுவிடாதீர்கள், பிறகு கணக்குப் பார்த்து நன்றி அனுப்புவது அதை வைத்துத்தான்.

கவரை விடவும் கஷ்டம் உள்ளே வைக்கிற நோட்டு. யாரும் புழங்காத புது நோட்டாக இருக்க வேண்டும். முன்கூட்டியே தயாராக இருந்தேன் என்று அது சொல்லும். 2024 ஜூலை 3 அன்று ஷிபுஸாவா எய்ச்சி படம் போட்ட புது வடிவ 10,000 யென் நோட்டு வந்தது. புது வடிவம் வேறு, புழங்காத நோட்டு வேறு. கசங்கிய ஷிபுஸாவாவை விட மடிப்பு விழாத பழைய ஃபுகுஸாவா யுகிச்சி நோட்டு மேல். வங்கி கவுண்டரில் மாற்றலாம், ஆனால் பெரும்பாலும் மாலை 3 மணிக்கு மூடிவிடுவார்கள், கணக்கு இல்லாதவருக்கு மாற்றித் தராத வங்கிகளும் உண்டு. கல்யாணமோ சனி, ஞாயிறில்தான் அதிகம். எனவே பயணிக்குச் சுலபமான வழி, விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே மடிப்பில்லாத நோட்டாகக் கேட்டு வாங்கி, புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துக்கொள்வது. தவறினால் தங்கும் ஹோட்டல் அல்லது கல்யாணம் நடக்கிற ஹோட்டலின் வரவேற்பு மேசையில் கேளுங்கள், பல இடங்களில் உதவுவார்கள். இஸ்திரி போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஹாலோகிராமில் சூடு பட்டால் நோட்டே கெடலாம் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மூன்று நோட்டையும் ஒரே திசையில் அடுக்கி, முகப்படம் கவரின் முன்பக்கம் பார்த்தும் மேலே இருக்கும்படியும் வையுங்கள். கயிற்றை அவிழ்க்கக் கூடாது, வளையமாக மெல்ல மேலே உருவி எடுத்து, முடித்த பிறகு அப்படியே மாட்ட வேண்டும். திரும்ப மடிக்கும்போது பின்பக்கம் மேல் மடிப்பு முதலில், கீழ் மடிப்பு அதன் மேலே. சந்தோஷத்தை ஏந்திக்கொள்ள வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பது கணக்கு. மாறிப்போனால் அது துக்கக் கவர். பிரிப்பதற்கு முன் கைபேசியில் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்தால் குழப்பம் வராது.

கவரைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு போகாதீர்கள். 'ஃபுகுஸா' என்ற துணியுறை நூறு யென் கடையிலேயே கிடைக்கிறது, அங்கே தாராளமாக வாங்கலாம். சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நல்ல காரியத்துக்கு. நீலம், சாம்பல் துக்கத்துக்கு. ஊதா இரண்டுக்கும் ஆகும். மடல் வலப்பக்கமாகத் திறக்கும்படி பிடியுங்கள். வரவேற்பு மேசையில் கவரை வெளியே எடுத்து, எழுத்து அவர்கள் பக்கம் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டி, "ஹொன்ஜித்ஸு வா ஒமெதெத்தோ கொஸாய்மஸு" (இன்றைய நாளுக்கு வாழ்த்துகள்) என்றால் போதும். பிறகு வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்வார்கள்.

இத்தனையும் வாங்குவதற்கு முன் அழைப்பிதழை முழுதாகப் படித்துவிடுங்கள். வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில் 'கைஹிஸெய்' முறை சாதாரணம்: ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று அழைப்பிலேயே போட்டிருப்பார்கள், அதைக் கவர் இல்லாமல் மேசையில் கட்டினால் போதும். மற்ற ஊர்களிலும் சிலர் மொய் வேண்டாம் என்று எழுதுகிறார்கள், இன்னும் சிலர் இணையத்தில் அட்டையால் கட்டச் சொல்கிறார்கள்.

போகும்போது கையில் ஒரு பரிசுப் பை கொடுப்பார்கள், சூட்கேசில் அதற்கு இடம் விட்டு வையுங்கள். பொருளுக்குப் பதில் நாமே தேர்ந்தெடுக்கிற கேட்டலாக் இருந்தால், அதில் உள்ளவற்றைப் பொதுவாக ஜப்பானுக்குள்தான் அனுப்புவார்கள். ஊருக்குக் கிளம்புவதற்குள் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கிற ஒரு தெரிந்தவரின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்; கெடு தேதி அட்டையிலேயே இருக்கும்.