காரில் குறையே இல்லை, வைப்பரைத் தவிர

நான் வைத்திருக்கும் அதே மாடல் இப்போது நல்ல விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும், காலவரையுள்ள உரிமைச் சான்றிதழின் ஆண்டுகள் கரையக் கரைய எந்தக் காருக்கும் விலை இறங்கத்தான் செய்யும். இரண்டு கதவு, ஜெர்மன் தயாரிப்பு, எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் நான் வைப்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆமாம், வைப்பர்தான்.

லாரியிலிருந்து தெறித்த கல் பட்டு முன்கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது, மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணாடியை எடுக்க அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுக்க வேண்டும். அதற்கு வைப்பர் கைகளைக் கழற்ற வேண்டும். கை உட்காரும் தண்டில் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கும், எந்தப் பல்லில் வைத்தாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். பட்டறைக்காரர்கள் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். அரை மீட்டர் நீளக் கையில் ஒரு டிகிரி பிசகினாலே நுனி கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் நகரும். ஒரு பல் தள்ளினால் பிசகு ஒரு டிகிரியோடு நிற்பதில்லை.

என் பக்கத்து பிளேடு மேலே போகும்போதெல்லாம் கண்ணாடி ஓரத் தூணில் ‘டக்’. மற்றது இறங்கி வந்தும் பானெட் ஓரத்துக்குள் ஒளியாமல் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். விரைவுச்சாலையில் 90-ஐத் தொட்டால் காற்று அடியில் புகுந்து அது படபடக்கும். விடிகாலையில் சுமத்ரா காற்றுமழை அடிக்கும்போது அந்த டக், டக்கைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்ப் பாருங்கள். இன்ஜின் சத்தத்துக்காகக் காசு கொட்டி வாங்கிய வண்டி இது.

திரும்பக் கொண்டுபோனால் பிளேடு தேய்ந்திருக்கிறது என்றார்கள். மாற்றினார்கள், பில் போட்டார்கள், டக் போகவில்லை. அடுத்து மோட்டாரையும் இணைப்புக் கம்பிகளையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். நியாயமாகச் சொன்னால் கண்ணாடி வேலை சுத்தம், இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஆனால் கைகள் எங்கே போய் நிற்கின்றன என்று ஒருவராவது குனிந்து பார்த்திருக்கலாம்.

பார்த்தவர் சின் மிங்கில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு சீன அங்கிள். முதலில் வைப்பரை ஓடவிட்டு, ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சாலேயே நிறுத்தினார். சாவியைத் திருகி நடுவழியில் நிறுத்தினால் மோட்டார் தன் இருப்பிடத்துக்கு வந்து சேராது, அப்புறம் எந்த அளவும் தப்பாகத்தான் வரும். பிளேடு நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடியில் நாடா ஒட்டினார். நட்டைத் தளர்த்தினார், கழற்றவில்லை. தண்டு கூம்பு வடிவம், கை அதில் இறுகிப் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால் பானெட் பெயின்ட் போகும், தண்டும் வளையலாம். கையை இழுத்துக் கழற்றும் சின்னக் கருவியான புல்லரை மாட்டி மெதுவாகத் திருகியதும் கை ‘டப்’ என்று விட்டுக்கொடுத்தது. பிறகு நட்டையும் கையையும் எடுத்துவிட்டு, பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையை நாடாவுக்கு நேராக வைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார்.

இனிதான் என் கோபமே. இந்தக் காரில் அந்த நட்டு பானெட் ஓரத்துக்கு அடியில் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால்தான் ஸ்பேனர் போகும். திறந்திருந்தால் வைப்பர் ஓடாது, பாதுகாப்பாம். ஆக, திற, திருகு, மூடு, தண்ணீர் அடி, ஓட்டிப் பார், மறுபடி திற. ஈரக் கண்ணாடியில் வேகமாக ஓடும்போது கைகள் இன்னும் கொஞ்சம் அகலமாக வீசும் என்பதால் மெதுவான ஓட்டத்தில் சரியாக இருந்தது வேகத்தில் மறுபடி தூணைத் தொட்டது. அங்கிள் சலிக்கவே இல்லை. நான்தான் இதை வடிவமைத்தவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தாழ்வான, அகலமான கண்ணாடியைத் துடைக்க 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரில் மூன்று வைப்பர் வைத்தார்கள். இரண்டோடு தப்பித்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியில் கிர்ரென்ற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் பிளேடு இறங்கும்போது மட்டும். கை லேசாக முறுக்கியிருந்தால் ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்காது, ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தடுக்கும். அதையும் நிமிர்த்தினார். வாங்கிய கூலி, மாற்றச் சொன்ன அந்த மோட்டாரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அதற்குப் பிறகு டக் இல்லை. காரைப் பற்றி வேறு எதைச் சொல்ல? ஸ்டியரிங் அவ்வளவு துல்லியம். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காது. பிரேக்கில் காலை வைத்தால் வரும் நம்பிக்கை வேறு எந்தக் காரிலும் எனக்கு வந்ததில்லை. இத்தனை நாளில் ஒருமுறைகூட நடுரோட்டில் விட்டதில்லை.

ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். அந்த பிளேடு பில் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது, இன்றைக்கு வேறு பதில் என்னிடமிருந்து வராது. வாங்கியே தீருவேன் என்றால் முன்கண்ணாடி மாற்றிய வண்டியா என்று முதலில் கேளுங்கள். மழை நாளாகப் பார்த்துப் போய், ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.