வாடகை சாஃப்ட்வேர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கேரள எல்லையில் இருக்கும் கஞ்சிக்கோட்டில் கடை, அலுவலக அறை, குடோன் என 46 இடங்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வாளையார் பக்கம்தானே, கோயம்புத்தூர்க்காரர்களும் எங்களிடம் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வருடம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினோம். டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஜிஎஸ்டி தானாகவே சரியாக வரும் என்றார்கள்.

வரவில்லை. கட்டட வாடகைக்கு வரி, கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான். நாங்களும் கேரளப் பதிவு, கட்டடமும் கேரளம். அப்படியென்றால் வாடகைக்கு இருப்பவர் எந்த ஊராக இருந்தாலும் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 9, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம்தான். இந்த சாஃப்ட்வேரோ வாடகைதாரரின் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்து, தமிழ்நாடு என்றால், மாநிலங்களுக்கு இடையிலான வியாபாரத்துக்குரிய ஐஜிஎஸ்டியை 18 சதவீதம் போட்டது. மூன்று அலுவலக அறைகள், மாத வாடகை மொத்தம் 1,20,000. ஒன்பது மாதம் கழித்து ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். 1,94,400 ரூபாய் வரியைச் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். சட்டத்தில் இதற்கு எங்களுக்கு வட்டி இல்லை, அதுவரை நிம்மதி. ஆனால் அந்த மூன்று பேரும், எங்களுக்குக் கொடுத்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள எடுத்த வரவைத் திருப்ப வேண்டியதாயிற்று. கேரள வரியைத் தமிழ்நாட்டு எண்ணில் வரவு எடுக்க முடியாது. "ஏனுங்க, முதல்லயே சொல்லியிருந்தா நான் வாடகையைக் குறைச்சுப் பேசியிருப்பேனே" என்றார் ஒருவர். அவர் கேட்டது நியாயம்தான்.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. எங்கள் ஒப்பந்தங்களில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு. சாஃப்ட்வேரில் அப்படிப் போட வழியே இல்லை. விவரங்களைப் பதிவேற்ற வந்த கம்பெனிப் பையன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வருடம் 5 சதவீதம் என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். பதினொரு பேருக்குக் கூடுதல் பில் போனது. இருபது வருடமாகக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து வந்து என் மேஜையில் விரித்துக் காட்டினார். கோபப்படவில்லை. "மோனே, இதில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு மாதமும் பில்லை அவர் கண்ணாடி போட்டு வரிவரியாகப் பார்க்கிறார்.

புகார் சொன்னால் டிக்கெட் எண் வரும், பதில் வராது. சரி, விட்டுவிடலாம் என்று எங்கள் விவரங்களை எக்செல்லில் கேட்டோம். பிடிஎஃப் இலவசம், எக்செல் வேண்டுமானால் 60,000 ரூபாய் தனி என்றார்கள். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் டெமோவுக்கு அவர்களுடைய மாதிரிக் கணக்கை ஏற்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான மூன்று ஒப்பந்தங்களைக் கொடுத்து, கண்முன்னே பில் போடச் சொல்லுங்கள். வெளி மாநில எண் உள்ளவர் ஒருவராவது அதில் இருக்கட்டும். விலகும்போது எல்லா விவரத்தையும் எக்செல்லில் இலவசமாகத் தருவோம் என்று எழுதி வாங்கியபின் பணம் கட்டுங்கள்.

நாங்கள் 60,000 கொடுக்கவில்லை. பிடிஎஃப்பைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். நேற்றோடு 31 இடங்கள் முடிந்தன.