இனிப்புச் சோம்பு நறுமண எண்ணெய்: பூசலாம், முகரலாம், குடிக்கக் கூடாது

மூடியைத் திறந்ததும் முதலில் மிட்டாய் மாதிரி ஒரு இனிப்பு வாசம், அதற்கு அடியில் லேசான கற்பூர நெடி, கடைசியில் மூக்கின் நுனியில் ஒரு சின்னக் காரம். நல்ல இனிப்புச் சோம்பு எண்ணெய் இந்த வரிசையில்தான் மணக்கும். கற்பூர நெடி முந்திக்கொண்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கசப்புச் சோம்பு எண்ணெய். வெறும் இனிப்பு மட்டும் அடித்து அதோடு நின்றுவிட்டால், ஆலையில் செய்த அனெத்தோலோ (சோம்புக்கு அந்த இனிப்பு வாசத்தைத் தரும் வேதிப்பொருள்) அன்னாசிப்பூ எண்ணெயோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சோம்பை இடித்து, நீராவியில் வடித்து எடுக்கிற எண்ணெய் இது. இனிப்பு, கசப்பு என்ற இரண்டும் ஒரே செடியின் இரு வகைகள். வேறுபாடு வேதிக்கூறுகளின் அளவில்தான். ஐரோப்பிய பார்மகோபியா (மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூல்) வகுத்திருக்கும் கணக்குப்படி, இனிப்பு வகைச் சோம்பிலிருந்து வரும் எண்ணெயில் அனெத்தோல் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கற்பூர நெடி தரும் ஃபென்கோன் 7.5 சதவீதத்தையும் எஸ்ட்ராகோல் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கசப்பு வகைக்கு அனெத்தோல் 60 சதவீதம் போதும், ஃபென்கோன் குறைந்தது 15 சதவீதம் வேண்டும், எஸ்ட்ராகோல் உச்சவரம்பு 5 சதவீதம். கவனித்தீர்களா? 'இனிப்பு' என்ற பெயரைப் பார்த்து இதுதான் சாது என்று நினைக்கிறோம். ஆனால் எஸ்ட்ராகோலுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது இனிப்பு வகைக்குத்தான். அதிக அளவில் கொடுத்தபோது எலிகளின் கல்லீரலில் கட்டி உண்டாக்கிய பொருள் எஸ்ட்ராகோல். அதனால் பாட்டிலின் பேட்ச் எண்ணுக்கு உரிய ஜிசி-எம்எஸ் அறிக்கையை (எந்தக் கூறு எவ்வளவு என்று காட்டும் ஆய்வகச் சோதனை முடிவு) கேட்டு வாங்கி, எஸ்ட்ராகோல் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபென்கோன் அறவே இல்லை என்றால் அந்த எண்ணெய் சோம்பிலிருந்து வந்ததா என்பதே சந்தேகம். பேட்ச் எண் இல்லாத பொதுவான அறிக்கையை நீட்டினால் வேறு கடை பாருங்கள்.

இந்த எண்ணெயைப் பற்றி வருகிற புகார்களில் பாதி, 'உறைந்துவிட்டது, கெட்டுப்போய்விட்டது' என்பது. கெடவில்லை. தனி அனெத்தோல் சுமார் 21 டிகிரி செல்சியஸிலேயே உறையும். மற்றவை கலந்திருப்பதால் எண்ணெய் அதைவிடக் குளிரில் உறைகிறது. ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தால் சுவரோரமாக வெள்ளை ஊசிகள் மாதிரி படிகம் கிளம்பி, பிறகு மொத்தமும் இறுகிவிடும். தப்பு நடப்பது இதற்குப் பிறகுதான்: பாதி உறைந்த பாட்டிலைக் கவிழ்த்து, கசிகிற திரவத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அனெத்தோல் படிகமாக நின்றுவிட, வெளியே வருவதில் ஃபென்கோனும் லிமோனீன் என்ற இன்னொரு கூறும் கூடுதலாக இருக்கும். வாசமும் மாறும், வீரியமும் மாறும். மூடியை இறுக்கி, கை பொறுக்கிற சூட்டு நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, முழுக்க இளகியதும் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிய பிறகே சொட்டு எடுக்க வேண்டும். நேரடித் தீ, மைக்ரோவேவ் இரண்டும் கூடாது. உறைவதை மட்டும் வைத்துத் தூய்மைக்குச் சான்றிதழ் கொடுத்துவிடவும் கூடாது. செயற்கை அனெத்தோலும் அதே மாதிரிதான் உறையும்.

இதற்குப் பொருத்தமான வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், உப்புசத்துக்கு வயிற்றில் தேய்ப்பது. 30 மி.லி. கேரியர் எண்ணெயில் (நறுமண எண்ணெயின் வீரியத்தைக் குறைக்கக் கலக்கும் சாதாரண எண்ணெய்; நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், எதுவானாலும் சரி) 12 சொட்டு விட்டால் ஏறக்குறைய 2 சதவீதக் கலவை. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்ற கணக்கு இது. பாட்டில் வாயிலுள்ள அடைப்பைப் பொறுத்து 30 சொட்டு வரைகூடப் போகும் என்பதால், அடிக்கடி கலக்குகிறவர்கள் ஊசியில்லா சிரிஞ்சில் 0.6 மி.லி. அளந்து விடுவது நல்லது. ஒரு தேக்கரண்டிக் கலவை ஒரு தடவைக்குப் போதும். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, குறுக்கே, இடது பக்கம் கீழே என்று பெருங்குடல் போகிற வழியிலேயே ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டும். கிடைக்கிற நிம்மதியில் கணிசமான பங்கு அந்தத் தேய்ப்புக்கே சேரும் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தோலுக்கு உச்சவரம்பு 2.5 சதவீதம், அதாவது 30 மி.லி.க்கு 15 சொட்டு. முகத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். முதல் தடவை முழங்கையின் உட்புறம் ஒரு துளி கலவையைத் தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அதோடு விட்டுவிடுங்கள்.

டிஃப்யூசரில் (வாசத்தை அறையில் பரப்பும் கருவி) 100 மி.லி. தண்ணீருக்கு மூன்று சொட்டு, அரை மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். தனியாக விட்டால் இனிப்பு திகட்டும். எலுமிச்சையோ இஞ்சியோ சேர்ந்தால் நன்றாக இருக்கிறது. குளியல் தொட்டியில் நேராக விடாதீர்கள். எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதந்து, உட்காருகிற இடத்தில் அப்படியே தோலில் ஒட்டி எரிச்சல் கொடுக்கும். தெர்மோகோல் கப்பிலும் மெல்லிய பிளாஸ்டிக்கிலும் கலக்கக் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும். கண்ணாடிதான் சரி.

லேபிளில் 'ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு சொட்டு' என்று போட்டிருந்தால், இந்த மதிப்புரையில் அந்தப் பாட்டிலுக்கு மதிப்பெண் பூஜ்யம். சோம்பை மென்று தின்பதும் இந்த எண்ணெயை விழுங்குவதும் ஒன்றல்ல. இனிப்புச் சோம்பில் எண்ணெய் சில சதவீதம்தான். பாட்டிலில் இருப்பது முழுக்க எண்ணெய். 'குழந்தையின் வயிற்றுவலிக்கு ஆய்வே இருக்கிறது' என்று விளம்பரம் செய்பவர்கள் சுட்டுவது 2003இல் வெளியான ஆய்வை. அதில் கொடுத்தது சோம்பு எண்ணெய் 0.1 சதவீதமே கலந்த பால்மம் (எண்ணெயும் நீரும் பால் போலக் கலந்த திரவம்), மருத்துவக் கண்காணிப்பில். வீட்டில் டிராப்பரால் அந்த அளவைப் பிடிக்க முடியாது. ஐந்து வயதுக்குக் கீழே பூசவும் வேண்டாம், முகர வைக்கவும் வேண்டாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் இதை ஒதுக்கிவிட வேண்டும். 'தாய்ப்பால் சுரக்கும்' என்று சொல்லி இதை அவர்களிடமே விற்பதுதான் கொடுமை. அனெத்தோலுக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற லேசான செயல்பாடு உண்டு என்பதால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்), ஈஸ்ட்ரோஜன் சார்ந்த புற்றுநோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து பெரிதாகிவிடும். பாட்டிலை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும்.

10 மி.லி. பாட்டிலுக்கு மேல் வாங்க வேண்டிய தேவை இல்லை. அதுவே சுமார் 200 சொட்டு, அதாவது 2 சதவீதக் கலவை அரை லிட்டர். கருநிறக் கண்ணாடி, குழந்தை திறக்க முடியாத மூடி இரண்டும் இருக்க வேண்டும். திறந்த தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். காற்றுப் பட்டுப் பட்டு அனெத்தோல் அனிசால்டிஹைடாக மாறும். இனிப்பு மங்கி, பூவாசம் மாதிரி ஒன்று வந்து, எண்ணெயும் கொழகொழப்பாகும். அப்படியான எண்ணெய் தோலில் அலர்ஜியைக் கிளப்பும். இரண்டு ஆண்டு தாண்டியதும் வாசம் நன்றாக இருந்தாலும் பூசுவதற்கு எடுக்காதீர்கள்.